ஆர்.வி.யில் வாழ்ந்துகொண்டே வேலை தேடுதல்: அமெரிக்கச் சாலைகளில் வசிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் முழுநேரமும் வசிக்கக் கிளம்புகிறவர்கள், எந்த வண்டி, எத்தனை அடி நீளம், எத்தனை சூரியத் தகடுகள் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். வருமானத்தைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் சேமிப்பு கரையத் தொடங்கிய பிறகே ஆரம்பமாகிறது. அப்போது எழும் கேள்விகளைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்வதற்காக இந்தத் தொகுப்பு. கீழே வரும் உதாரணக் கணக்குகளில் உங்கள் எண்களை இட்டு மாற்றிப் பார்த்துக்கொள்ளவும்.

இந்த வாழ்க்கையில் வேலை செய்ய எந்த விசாவில் இருப்பவருக்கு அனுமதி உண்டு?

குடியுரிமை பெற்றவரும் பச்சை அட்டை வைத்திருப்பவரும் எந்த மாநிலத்திலும் வேலையில் சேரலாம். கூட்டரசின் நேரடிப் பணிகளுக்கு மட்டும் பெரும்பாலும் குடியுரிமை கேட்கப்படும். எச்-1பி பணியாளரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருந்து வேலை அனுமதி அட்டை பெற்றவருக்கும் நிறுவனக் கட்டுப்பாடோ இடக் கட்டுப்பாடோ கிடையாது.

சிக்கல், நிறுவனம் மனுச் செய்து பெற்றுத் தரும் வேலை விசாவான எச்-1பி-யில்தான். அந்த அனுமதி ஒரு நிறுவனத்தோடு மட்டுமன்றி ஒரு பணியிடத்தோடும் பிணைக்கப்பட்டது. பணியிடம் வேறொரு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை சிமியோ என்ற நிறுவனத்தின் வழக்கில் குடிவரவு மேல்முறையீட்டு அலுவலகம் 2015-இல் தந்த தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. அலுவலகம் 'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம்' என்று சொல்வது அலுவலகத்தின் கொள்கை. குடிவரவுத் துறையைப் பொறுத்தவரை, நீங்கள் மாதக்கணக்கில் மடிக்கணினியைத் திறந்து உட்காரும் இடம்தான் பணியிடம். எச்-1பி-யில் இருப்பவர் விடுமுறையில் ஆர்.வி.யில் ஊர்சுற்றலாம், ஆனால் அதையே நிலையான வாழ்க்கையாக மாற்றுவதற்கு முன் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசியாக வேண்டும். ஆர்.வி.க்கள் தங்கும் முகாம் திடலில் 'சம்பளமில்லை, தங்க இடம் மட்டும்தானே' என்று நினைத்துச் செய்யும் வேலையும், இடம் என்பதே ஊதியம் ஆகிவிடுவதால், அனுமதியற்ற வேலையாகவே கருதப்படும். பயண விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

குடிமக்கள் அல்லாதவர்கள் முகவரி மாறிய 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் சாலையில் வாழ்கிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

எந்த மாதிரியான வேலைகள் உண்மையில் கிடைக்கின்றன?

ஊரை முதலில் தேர்ந்தெடுத்து அங்கே வேலை தேடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இந்த வேலைகள் பருவத்தைப் பின்தொடர்பவை. ஆகவே முதலில் நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு, வரைபடத்தை அதற்குப் பிறகு திறப்பதே சரியான வரிசை.

கோடையில் தேசியப் பூங்காக்களும் அவற்றைச் சுற்றியுள்ள தனியார் முகாம் திடல்களும் ஆள் தேடும். பூங்காவுக்குள் இருக்கும் விடுதி, உணவகம், கடைகளை அரசு நேரடியாக நடத்துவதில்லை. ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன. யெல்லோஸ்டோனில் ஸான்டெரா அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. கோடை வேலைக்குக் கோடையில் விண்ணப்பிப்பவர் தாமதித்தவர். குளிர்காலத்திலேயே, பலர் பொங்கல் வருவதற்குள், விண்ணப்பங்களை அனுப்பிவிடுகிறார்கள். அக்டோபரில் வடக்கே, சர்க்கரை தயாரிக்கப் பயன்படும் கிழங்கான சர்க்கரை பீட்டின் அறுவடை தொடங்கும். அதே மாதம் பரங்கிக்காய் விற்பனைத் திடல்களும், நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் மர விற்பனைத் திடல்களும் ஆள் எடுக்கும். குளிர்காலத்தில் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடாவின் ஆர்.வி. பூங்காக்களுக்கு அலுவலகம் பார்க்கவும் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். டெக்சாஸில் ஜூன் 24 முதல் ஜூலை 4 வரை பட்டாசு விற்க அனுமதி உண்டு; நெடுஞ்சாலை ஓரக் கடையை அந்தப் பதினொரு நாளும் காவலோடு நடத்துவதற்கு, கடை வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளும் தம்பதிகளை முதலாளிகள் விரும்புகிறார்கள்.

இவற்றைத் தேட 1987 முதல் வரும் வொர்க்கேம்பர் நியூஸ், பருவ வேலைகளுக்கான கூல்வொர்க்ஸ் ஆகிய தளங்கள் உதவும். அரசு நிலங்களில் தன்னார்வப் பணிக்கு வாலன்டியர்.கவ் தளத்தையும், அரசின் ஊதியப் பணிக்கு யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தையும் பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: ஏரிகளையும் அணைகளையும் நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் படை, தன் முகாம் திடல்களின் நுழைவாயில் பணியைச் சில இடங்களில் விலைப்புள்ளி கேட்டு ஒப்பந்தமாக விடுகிறது. நீங்கள் கேட்கும் தொகையை நீங்களே எழுதிக் கொடுக்கும் அரிதான வேலை அது.

'சம்பளம் கிடையாது, ஆனால் இடம் இலவசம்' என்கிறார்களே, ஏற்கலாமா?

கணக்குப் போடாமல் ஏற்கக் கூடாது. இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றம் தரும் சொல் 'இலவசம்' என்பதுதான்.

மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் கொண்ட ஓர் இடத்தின் மாத வாடகை அந்தத் திடலில் 700 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாரத்துக்கு 24 மணி நேரம் உழைத்தால் மாதத்துக்கு 104 மணி நேரம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 6 டாலர் 73 சென்ட். கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமே 2009 முதல் 7 டாலர் 25 சென்ட். இதே இடத்துக்காகக் கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு 20 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றால், மாதத்துக்கு 173 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 4 டாலர் சொச்சம்தான் மிஞ்சும். விளம்பரத்தில் இரண்டும் 'இலவச இடம்' என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடப்படும்.

கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. மாத வாடகை என்பது அந்தத் திடல் வெளியாருக்குக் கேட்கும் தினசரிக் கட்டணத்தை முப்பதால் பெருக்கி வருவதன்று. நீங்கள் அந்த வேலை இல்லாவிட்டால் எங்கே தங்கியிருப்பீர்கள், அதற்கு என்ன கொடுத்திருப்பீர்கள் என்பதுதான் உங்களுக்கு அதன் உண்மையான மதிப்பு. பாலைவனத்தில் பணமின்றி நிறுத்தத் தெரிந்தவருக்கு 700 டாலர் இடம் 200 டாலருக்குக்கூடப் பெறாது. போக்குவரத்தையும் சேருங்கள்: காலனுக்கு 8 மைல் ஓடும் மோட்டார் ஹோமை 1,200 மைல் ஓட்டிச் செல்ல 150 காலன் தேவை, காலன் 4 டாலர் என்றால் 600 டாலர். இரண்டு மாத வேலைக்காக அவ்வளவு தூரம் போவது, முதல் மாத உழைப்பின் பெரும்பகுதியைப் பெட்ரோல் நிலையத்தில் கொட்டுவதற்குச் சமம்.

சட்டத்தின் பார்வையும் தெரிந்திருக்க வேண்டும். அரசு அமைப்புகளும் லாப நோக்கற்ற அமைப்புகளும் தன்னார்வலர்களை வைத்துக்கொள்ளலாம். லாபத்துக்காக நடத்தப்படும் தனியார் திடல் 'தன்னார்வலர்' என்ற பெயரில் ஆள் வைக்கக் கூட்டரசு ஊதியச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே இடத்தின் நியாயமான அடக்கவிலையை ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடுகிறார்கள். ஆண்டில் 7 மாதங்களுக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் மிகைநேர ஊதியத்திலிருந்தும் அதே சட்டம் விலக்கு அளிக்கிறது என்பதால், கோடையில் மட்டும் திறக்கும் திடல்களில் உங்கள் பேரம்தான் உங்கள் பாதுகாப்பு. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

என் அளவுகோல் எளியது: இடத்துக்கு ஈடாக வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் என்று எழுதித் தருகிறவரிடம் போகலாம். 'எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறவரைத் தவிர்க்கலாம்.

சர்க்கரை பீட் அறுவடையில் நல்ல பணம் என்கிறார்கள். உண்மையா?

குறுகிய காலத்தில் கணிசமாகச் சேர்க்கலாம், உடல் ஒத்துழைத்தால். வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் நடுவே ஓடும் ரெட் ஆற்றின் சமவெளியில் முக்கிய அறுவடை அக்டோபர் முதல் நாளையொட்டித் தொடங்கும். லாரிகள் கொண்டுவரும் கிழங்கை இயந்திரம் மலைபோல் குவிக்கும். லாரியை வழிநடத்துவது, மாதிரிக் கிழங்கு எடுப்பது, சிந்தியதை வாரி ஒதுக்குவது போன்றவையே தற்காலிகப் பணியாளரின் வேலை. பகலோ இரவோ 12 மணி நேர முறை. தங்கும் இடத்தை நிறுவனமே தரும்; இறுதிவரை நிற்பவருக்கு ஊக்கத்தொகையும் வழக்கத்தில் உண்டு.

இதில் வானிலைதான் முதலாளி. கிழங்கு சூடாக இருக்கும்போது குவித்தால் குவியலுக்குள்ளேயே அழுகிவிடும். உறைந்த கிழங்கும் சேமிப்பில் கெடும். மழை பெய்தால் வயலுக்குள் லாரி இறங்காது. அதனால் வெயில் ஏறினாலும், உறைபனி விழுந்தாலும், மழை கொட்டினாலும் வேலை நிறுத்தப்படும். பத்து நாளில் முடிய வேண்டியது மூன்று வாரம் இழுக்கலாம், நின்ற நாட்களுக்கு என்ன தருவார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில் அக்டோபர் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். தண்ணீர்க் குழாயைப் பொருத்தியே வைத்திருந்தால் காலையில் அது பனிக்கட்டிக் கம்பாக இருக்கும். மாலையில் தொட்டியை நிரப்பிவிட்டுக் குழாயைக் கழற்றி உள்ளே வைப்பதே அங்கு வழக்கம்.

எண்ணெய் வயல் வாயிற்காவல் வேலை எப்படி?

தெற்கு டெக்சாஸின் எண்ணெய் வயல்களில், நுழையும் வெளியேறும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் பணி இது. மின்னாக்கி, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி எல்லாவற்றையும் நிறுவனமே கொண்டுவந்து வைக்கும். செலவழிக்கக் கடையே இல்லாத இடம் என்பதால் பணம் சேரும் என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தொகை, 24 மணி நேரப் பொறுப்பு, தம்பதி முறைவைத்து விழித்திருக்க வேண்டும். நாளுக்கு 200 டாலர் என்றால் மணிக்கு 8 டாலர் 33 சென்ட். அதையும் ஊழியராக அல்லாமல் 1099 படிவத்தில் சுதந்திர ஒப்பந்தக்காரராகத் தந்தால், சுயதொழில் வரியாக ஏறத்தாழ 28 டாலர் போய், மணிக்கு 7 டாலர் சொச்சத்தில் வந்து நிற்கும். டெக்சாஸில் இதற்குப் பாதுகாவலர் உரிமமும் வேண்டும். தூசியும் மின்னாக்கி இரைச்சலும் பழகிக்கொள்பவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

அமேசான் கிடங்கு வேலை இன்னும் உண்டா?

ஆர்.வி. வாசிகளுக்கென்று 2008 முதல் அமேசான் நடத்திய கேம்பர்ஃபோர்ஸ் திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு அதை நம்பித் திட்டமிட வேண்டாம். பண்டிகைக் காலத்தில் சாதாரணத் தற்காலிக ஊழியராகச் சேரலாம், தங்கும் இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலையான வீடே இல்லாதபோது எந்த முகவரியைக் கொடுப்பது?

வேலை தேடுவதற்கு முன் முடிக்க வேண்டிய காரியம் இது. முதலாளி, வங்கி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் ஒரே மாநிலத்து முகவரி வேண்டும். முழுநேர ஆர்.வி. வாசிகளில் பெரும்பாலோர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதும் உறுதிமொழிப் படிவமும் காட்டி உரிமம் பெறலாம். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் நகரிலிருந்து எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. அமைப்பு நெடுங்காலமாக அஞ்சல் சேவை நடத்துகிறது. உங்கள் அஞ்சலைப் பிறர் பெற்றுக்கொள்ள, அஞ்சல் துறையின் 1583 படிவத்தில் சான்றொப்பத்துடன் கையெழுத்திட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டையும் இதே நேரத்தில் யோசிக்க வேண்டும், ஏனெனில் 65 வயதுக்கு உட்பட்டவர்களின் தனிநபர்க் காப்பீடு அந்த முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தே கிடைக்கும். வெளிமாநிலத்தில் அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றுக்குப் பல திட்டங்கள் பணம் தருவதில்லை.

வரி எந்த மாநிலத்துக்குக் கட்டுவது?

முகவரி வரியில்லாத மாநிலத்தில் இருந்தாலும், உழைப்பு நடந்த மாநிலம் தன் பங்கைக் கேட்கும். தெற்கு டகோட்டா உரிமம் வைத்திருப்பவர் கோடையில் மொன்டானாவில் சம்பாதித்தால், அந்தச் சம்பளத்துக்கு மொன்டானாவில் வெளிமாநிலத்தவராகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்களை ஊழியராக வைத்து டபிள்யூ-2 படிவத்தில் சம்பளம் தருபவர் வரியைப் பிடித்துக்கொள்வார். 1099-இல் தருபவர் பிடிக்க மாட்டார், 15.3 சதவீத சுயதொழில் வரியும் வருமான வரியும் உங்கள் பொறுப்பு. ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் வரி பாக்கி வரும் என்றால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும்.

வேலைக்கு ஈடாகத் தரும் இடத்தின் மதிப்பு மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் கூட்டரசு வருமான வரிக்கு உட்படாது: இடம் முதலாளியின் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அவருடைய வசதிக்காகத் தரப்பட்டிருக்க வேண்டும், அங்கே தங்குவது வேலையின் கட்டாய நிபந்தனையாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை வேலைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் உதவும்.

கணினி வேலையைப் பயணத்திலேயே தொடர முடியுமா?

முடியும்; இருக்கும் வேலையைத் தக்கவைத்துக்கொள்வதுதான் எல்லா வழிகளிலும் வருமானம் மிகுந்தது. அலுவலகத்துக்குச் சொல்லாமல் கிளம்புவது மட்டும் கூடாது. நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்து நிறுவனத்துக்கு வரிப்பிடித்தப் பொறுப்பு உண்டாகிறது. கணினியின் இணைய (ஐ.பி.) முகவரி வழியாக உங்கள் இருப்பிடம் எப்படியும் தெரிந்துவிடும். நியூயார்க் நிறுவனத்தில் வேலை செய்பவர் தம் சொந்த வசதிக்காக வெளியிலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களின் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்கும்.

இணையத்துக்கு ஒரே வழியை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். பைன் மரங்களுக்கு நடுவே உள்ள அழகான திடலில் அது அலுவலக இணையக் கூட்டத்தின் நடுவில் துண்டித்துவிடும். செல்பேசி இணைப்பு மரத்தடியில் வேலை செய்யும், ஆனால் கோபுரம் இல்லாத பள்ளத்தாக்கில் செய்யாது. இரண்டையும் வைத்திருப்பவர்கள், ஞாயிறு மாலையே புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்து வேகத்தைச் சோதித்துவிடுகிறார்கள். திங்கள் காலையில் வண்டி ஓட்டுவதில்லை.

கையில் ஒரு தொழில் இருந்தால்?

செவிலியருக்கு வாய்ப்பு அதிகம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்திருக்கும் கூட்டு உரிம ஒப்பந்தத்தில் மேலே சொன்ன மூன்று மாநிலங்களும் உள்ளன, ஆகவே அவற்றில் ஒன்றைத் தாயகமாகக் கொண்டவர் ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் 13 வார ஒப்பந்தங்களை ஏற்கலாம். ஒரு வலைப்பொறி உண்டு: பயணச் செவிலியருக்குத் தரும் வரியில்லாத் தங்கும் செலவுப் படி, வேறோரிடத்தில் செலவு செய்து பராமரிக்கும் நிலையான வீடு உள்ளவர்களுக்கே. வீடே வண்டிதான் என்பவரை வருமான வரித்துறை 'நாடோடிப் பணியாளர்' என்று வகைப்படுத்துகிறது; அவருக்கு அந்தப் படி முழுவதும் வரிக்குட்பட்ட வருமானம்.

ஆர்.வி. பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு வேலை தேடவே வேண்டியதில்லை. திடலில் பக்கத்து வண்டியின் குளிர்பதனப் பெட்டி நின்ற செய்தி பரவுவதற்குள் அவர் கதவு தட்டப்படும். டெக்சாஸின் ஏதென்ஸ் நகரில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. திடல் நிர்வாகத்தின் அனுமதியையும் பொறுப்புக் காப்பீட்டையும் முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே வேலை செய்யலாமா?

செய்யலாம். முழு ஓய்வு வயதை எட்டாதவர் வரம்புக்கு மேல் சம்பாதித்தால் (2025-இல் 23,400 டாலர்), மிகுதியான ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் ஓய்வூதியத்தில் நிறுத்திவைக்கப்படும். முழு ஓய்வு வயதில் அதைக் கணக்கில்கொண்டு மாத ஓய்வூதியம் உயர்த்தப்படும். அதன் பின் வரம்பு இல்லை.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

வண்டியின் வகை, நீளம், ஆண்டு, மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, செல்லப்பிராணி உண்டா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை: இவற்றை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பல தனியார் திடல்கள் பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்பதில்லை. பழைய வண்டி என்றால் சுத்தமாகக் கழுவிய புகைப்படம் ஒன்றை இணைப்பது நீண்ட சுயவிவரத்தைவிடப் பயன்படும். 30 ஆம்பியர் இணைப்பில் அதிகபட்சம் 3,600 வாட், 50 ஆம்பியரில் 12,000 வாட். இரண்டு குளிர்சாதனங்கள் கொண்ட வண்டிக்கு அரிசோனாவில் 30 ஆம்பியர் இடத்தை ஒப்புக்கொள்வது வியர்வையை ஒப்புக்கொள்வதாகும்.

வேலைக்குப் போய்க்கொண்டே அரசு நிலத்தில் இலவசமாகத் தங்கலாமா?

நில மேலாண்மைத் துறையின் திறந்த நிலங்களில் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாள்தான் ஓரிடத்தில் தங்கலாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் சுற்றுப்புறத்தில் உள்ள நீண்டகாலத் தங்கல் பகுதிகளில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கக் கட்டண அனுமதிச் சீட்டு உண்டு. தேசிய வனங்களில் குடியிருப்பாகப் பயன்படுத்துவதே தடை. தினமும் காலையில் சீருடையுடன் வேலைக்குக் கிளம்புகிறவரை வன அலுவலர் விடுமுறைப் பயணியாகக் கருத மாட்டார்.

போன பிறகு வேலை சொன்னபடி இல்லையென்றால்?

முதலில் மணிக்கணக்கை எழுதிவையுங்கள். எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்கு விட்டோம், யார் என்ன சொன்னார் என்று தினமும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதினால், மேலாளரிடம் பேசும்போதும், தேவைப்பட்டால் தொழிலாளர் துறையிடம் போகும்போதும், அதுதான் ஆதாரம். கிளம்பும் முன் வாங்கியிருக்க வேண்டிய கடிதத்தில் வார மணி நேரம், விடுமுறை நாட்கள், மின்கட்டணம் யாருடையது, காயம்பட்டால் தொழிலாளர் காப்பீடு உண்டா, வேலை முடிந்த பிறகு எத்தனை நாள் இடத்தில் இருக்கலாம் ஆகிய ஐந்தும் இருந்தால் வாக்குவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாதபோது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. வேலையை விட்டால் அன்றைக்கே இடமும் போகும், ஏனெனில் முதலாளியும் வீட்டுக்காரரும் இங்கே ஒருவரே. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முழுத் தொட்டி எரிபொருளையும் ஒரு மாத வாடகைக்கான பணத்தையும் எந்தச் சூழ்நிலையிலும் தொடாமல் வைத்திருக்கிறார்கள். வண்டியைக் குளிர்காலத்துக்காகச் சுற்றிலும் அடைத்து, கூடாரம் கட்டி, செடி வளர்த்து நிலையாக்கிக்கொள்வதையும் முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள்.